பேச்சியக்காவின் முள்மூலை

எனக்கு முன்னால் பிறந்து, எனக்கு முன்னால் போய்விட்ட என் பேச்சியக்காவுக்கு,

உன் மூலையில் பாம்பைப் பார்த்துவிட்டார்கள், அக்கா. வேறு நல்ல செய்தி ஒன்றைச் சொல்லி இந்தக் கடிதத்தைத் தொடங்கியிருக்கலாம். ஆனால், “காய்ச்சல் எவ்வளவுன்னு முதல்ல சொல்லு, கதையைப் பெறகு சொல்லு” என்று உன்னிடம் வருகிறவர்களையெல்லாம் அதட்டிப் பழகியவள் நீ. ஆகவே காய்ச்சலை முதலில் சொல்லிவிட்டேன். கதை இனிமேல்.

இதைப் பிறரும் படிப்பார்கள். உனக்கு அதில் ஆட்சேபம் இராது என்று நம்புகிறேன். அடுத்த வீட்டுக்கு வந்த தபால் அட்டையைக்கூட நடுத்தெருவில் நின்று உரக்கப் படித்துவிட்டுத்தான் உரியவர் கையில் கொடுப்பாய். உன்னை அறியாதவர்களுக்காகச் சில வரிகள் மட்டும் சொல்லிக்கொள்கிறேன்: நீ கிராமச் சுகாதாரச் செவிலியர். கழுகுமலைப் பக்கமும் இடைசெவல் பக்கமும் பேருந்திலும் நடையிலுமாகப் பணிக்காலம் முழுவதும் அலைந்தாய். அத்தான் காலமாகி, நீயும் ஓய்வு பெற்ற பிறகு, கோவில்பட்டியில் நம் வீட்டின் பின்கட்டில் வந்து தங்கினாய். போன ஆடியில், உன் நாடியை நீயே பிடித்துப் பார்த்து, “சரியில்லலே” என்று என்னிடம் சொல்லிவிட்டு, மருத்துவமனை வாசலை எட்டுவதற்குள் கண்ணை மூடினாய். நான் உன் தம்பி. தீப்பெட்டி ஆலை ஒன்றில் பாதுகாப்பு அலுவலன்.

என் தொழிலையும் சொல்லத்தான் வேண்டும். நமக்குள் நடந்த முதல் சண்டையே அதனால்தானே வந்தது?

நீ வந்த மறுநாள் காலை. கையில் காபித் தம்ளரோடு பின்வாசலில் நின்று, சுற்றுச்சுவர் வரைக்கும் பார்த்தாய். கரிசல் மண், வெறும் தரை. ஒரு புல் கிடையாது. நான் பெருமையோடு பக்கத்தில் நின்றேன்.

“ஏலே சங்கரா, தரைக்குச் சவரம் பண்ணியா விட்டுருக்க?”

“காஞ்ச புல்லு கெடந்தா தீப்பிடிக்கும்க்கா.”

“இங்கன எவம்லே தீக்குச்சி கிழிக்கப் போறான்? ஒன் தீப்பெட்டி ஆபீஸை ஆபீஸுலயே விட்டுட்டு வீட்டுக்கு வா.”

விட்டுவிட்டு வர எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தீக்குச்சி மருந்துக் கிடங்கைச் சுற்றிலும் காய்ந்த புல் ஒன்றும் நிற்கக் கூடாது என்பது எங்கள் ஆலையின் முதல் விதி. பணியில் சேர்ந்த நாளில் மனத்தில் பதிந்த அந்த விதி, என்னோடு பேருந்தேறி வீட்டுக்கும் வந்துவிட்டது. மழை பெய்து புல் முளைத்து, அது பழுக்கத் தொடங்கும் முன்பே மண்வெட்டியோடு இறங்கிவிடுவேன். ஆலையிலிருந்து திரும்பும் வழியில் மற்றவர்களின் கொல்லையில் நிற்கும் சருகைக் கண்டாலும் எனக்குக் கை பரபரக்கும். நம் ஊரில் என்னைப் போன்றவர்கள் வேறு சிலரும் உண்டு. தீப்பெட்டித் தொழிலில் காலம் கழித்தவர்களின் வீட்டுக் கொல்லைகளை நீ பார்த்தாலே அடையாளம் கண்டுகொள்ளலாம். எல்லாம் மொட்டைத் தரைகள். அவற்றில் ஒரு குருவியும் இறங்குவதில்லை. அதை ஒரு குறையாக நாங்கள் ஒருவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

நீ எண்ணிப் பார்த்தாய். ஒரு மூலையைக் கேட்டாய். “இந்தத் தென்கிழக்கு மூலை எனக்கு. பாக்கி எல்லாம் ஒன் சட்டத்துக்கு.” நான் சம்மதித்தேன். ஆனால் எல்லை வேண்டும் என்றேன். கயிறு பிடித்து, சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாகப் பதித்து, கற்களுக்கு வெளியே ஒரு முழ அகலத்துக்கு வெறுந்தரை விட வேண்டும் என்றும், தீ பரவாமல் இருப்பதற்காக என்றும் விளக்கினேன். நீ கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, சிரிப்பை அடக்க மாட்டாமல் நின்றாய். “பாகிஸ்தான் பார்டர் மாதிரி இருக்குலே” என்றாய்.

அந்த மூலைக்குள் நீ கொண்டுவந்து வைத்தவை ஒன்றும் நாற்றுப் பண்ணையில் கிடைப்பவை அல்ல. கழுகுமலைச் சாலையோரத்திலிருந்து முள் அடர்ந்த ஒரு சங்கஞ்செடி. எந்த ஊர் என்று நீ சொல்லாத ஒரு கண்மாய்க் கரையிலிருந்து உடைமரக் கன்று. ஒரு கொடுக்காப்புளி. நான்கைந்து பருத்திச் செடிகள். எல்லாம் பழைய பால்பவுடர் டப்பாக்களில் வந்தன. “முள்ளு எதுக்குக்கா?” என்றேன். “முள்ளு இருந்தாத்தான் பூனை ஏறாது. பூனை ஏறாட்டாத்தான் அவிய வருவாவ” என்றாய்.

பறவைகளை நீ ‘அவிய’ என்றுதான் சொன்னாய். தாசில்தாரையும் தலைமை மருத்துவரையும் சொல்வதைப் போல. “அவிய தண்ணி குடிச்சிட்டு இருக்காவ, கதவை மெல்லத் திற.” “இன்னிக்கு அவிய வரலை, ஒன் மிக்ஸி சத்தந்தான் காரணம்.” என் மனைவி மல்லிகாவுக்கு முதலில் இது வேடிக்கையாக இருந்தது. பிறகு அவளும் அப்படியே சொல்லத் தொடங்கினாள். இப்போது நானும் சொல்கிறேன். ஆலையில் ஒருநாள் வாய் தவறி மேலாளரிடம், “அவிய கூடு கட்டியிருக்காவ” என்று சொல்லிவிட்டேன். யார் வீடு கட்டியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார்.

தண்ணீரில்தான் உனக்கும் மல்லிகாவுக்கும் மோதல் வந்தது. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்காகக் குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்கும் தெரு நம்முடையது. நீ அகலமான மண்சட்டி ஒன்றை மூலையில் வைத்து நிரப்பினாய்.

“மனுசருக்கே அளந்து ஊத்துதோம் மதினி. குருவிக்குச் சட்டி நெறையவா?”

“ஏட்டி, குருவி என்ன குடங்குடமாவா குடிக்குது? நீ பல்லு வெளக்கையில கொழாயை மூட மறக்குத தண்ணி அவியளுக்கு ஒரு வாரம் வரும்.”

மல்லிகா அன்று முதல் குழாயை மூடினாள். நீ சட்டிக்கு நடுவில் ஒரு கல்லை வைத்தாய். ஆழத்தில் சிறிய குருவி முங்கிவிடாமல் நின்று குடிப்பதற்கு. சட்டியைப் புதரை ஒட்டியும் வைக்காமல், வெகுதூரம் தள்ளியும் வைக்காமல், ஒரு தாவலில் முள்ளுக்குள் புகுந்துகொள்ளும் தொலைவில் வைத்தாய். முருங்கையில் பட்டுப்போன கிளையை வெட்டப் போனேன். “அது கரிச்சானுக்கு நாற்காலி” என்று தடுத்தாய். சொன்னபடியே ஒரு கரிச்சான் வந்து அந்தக் கிளையின் நுனியில் உட்கார்ந்து, வாலை ஆட்டி, பூச்சி பிடிக்கத் தொடங்கியது. பப்பாளியில் கைக்கெட்டாத பழங்களைக் கொண்டைக்குருவிகளுக்கு விட்டாய். பருத்தி வெடித்தபோது பறிக்க விடவில்லை. தேன்சிட்டு ஒன்று பஞ்சை இழுத்து இழுத்து வாய் நிறைய வைத்துக்கொண்டு, மீசை வைத்த தாத்தாவைப் போலத் திரும்பிப் பார்த்ததை நாம் மூவரும் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்தோமே, அது நினைவிருக்கிறதா?

என் வண்டிக் கண்ணாடிகளை மட்டும் நான் மறக்கவே முடியாது. அதே தேன்சிட்டு தன் பிம்பத்தைப் பகைவன் என்று எண்ணி நாள் முழுதும் கொத்திக்கொண்டிருந்தது. அது களைத்துச் சாகும் என்று நீ என் பழைய காலுறைகளை இரண்டு கண்ணாடிகளுக்கும் மாட்டிவிட்டாய். கவனிக்காமல் நான் ஆலைவரை ஓட்டிச் சென்றுவிட்டேன். பின்னால் வருவதைப் பார்க்காமல் ஓட்டுவது விதிமீறல் என்று தொழிலாளர்களுக்கு வகுப்பெடுக்கிறவன் நான். வாயிற்காவலர் என்னைப் பார்த்து, “சார், கண்ணாடிக்குக் குளிருதோ?” என்றார். அன்று மாலை உன்னிடம் கோபித்துக்கொண்டேன். “குருவி பொழச்சிதுல்லா?” என்றாய். அவ்வளவுதான் உன் பதில்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் காலை நேரம். சுளகில் கம்பும் உடைத்த சோளமும் எடுத்துக்கொண்டு பின்வாசலில் நின்று, ஒரு கைவீச்சில் தரையெங்கும் இறைப்பாய். சுற்றுச்சுவரின் மேல் வரிசையாகக் காத்திருந்த தவிட்டுப்புறாக்கள் நீ கையை மடக்கும் முன்பே இறங்கிவிடும். பிறகு தினைக்குருவிகள், கடைசியாகச் சண்டை போட்டுக்கொண்டே தவிட்டுக்குருவிக் கூட்டம். காபி ஆறும்வரை நீ அங்கேயே நிற்பாய். ஊசி போட்டே பழகிய கைக்கு இறைப்பது பிடித்திருந்ததோ என்னவோ.

நீ போனபின் நான் செய்தது ஒன்றுதான். நீ செய்ததையெல்லாம் அப்படியே செய்தேன். நீ எனக்கு எந்த அறிவுறுத்தலும் விட்டுச்செல்லவில்லை. மூலையை வைத்துக்கொள் என்றோ, போனால் போகட்டும் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. விதியில்லாத இடத்தில் எனக்கு நிற்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். ஆகவே உன் வழக்கத்தையே விதியாக எடுத்துக்கொண்டேன். அதே சுளகு, அதே நேரம், அதே கைவீச்சு. புறாக்கள் முதல் நாள் மட்டும் சுவரை விட்டு இறங்கத் தயங்கின. பிறகு இறங்கிவிட்டன. அது எனக்கு ஆறுதலாக இருந்ததா, வருத்தமாக இருந்ததா என்று இன்றுவரை தீர்மானிக்க முடியவில்லை.

ஐப்பசி மழை பிடித்தது. சங்கஞ்செடியின் நடுவில் தினைக்குருவி கூடு கட்டியது. காய்ந்த புல்லை இழுத்து இழுத்து, பந்து போல ஒன்று. பக்கவாட்டில் சிறிய வாசல். உள்ளங்கைக்குள் அடங்கும் குருவி, தொண்டை வெளுத்து, வால் கூர்ந்து. எந்தப் புல்லை நான் நிற்க விட மாட்டேன் என்று வாதாடினேனோ, அந்தப் புல்லால் கட்டிய கூடு. குஞ்சுகளின் குரல் கேட்கத் தொடங்கிய வாரத்தில்தான் பாம்பு வந்தது.

பார்த்தது முத்துலட்சுமி. பக்கத்து வீட்டுப் பொன்னுச்சாமி அண்ணாச்சியின் மருமகள். அவள் வளைகாப்புக்கு நீ இருந்திருக்க வேண்டும். ஏழு மாதம் முடிந்திருந்தது. மொட்டைமாடியில் காயப்போட்ட அவளுடைய சேலை காற்றில் பறந்து நம் மூலையில் விழுந்துவிட்டது. எடுக்க வந்தவள், சேலைக்கு ஒரு முழம் தள்ளி, புதருக்கடியில் அது நெளிந்து போனதைக் கண்டிருக்கிறாள். சேலையை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

அன்று மாலையே அண்ணாச்சி வந்தார். பலசரக்குக் கடையை மகனிடம் விட்டபின் அவர் தளர்ந்துவிட்டார். ஆனால் குரல் தளரவில்லை.

“தம்பி, நான் சண்டைக்கு வரலை.”

“உள்ள வாங்க அண்ணாச்சி.”

“இருக்கட்டும். அந்த மூலையை எடுத்துருங்க. ஒரு நாள் வேலை. ஜேசிபிக்காரன் நமக்கு வேண்டியவன்தான். மேல பேவர் கல்லைப் பதிச்சிட்டா கூட்டித் தொடச்சாப் போதும். மருமவ கால்ல ஒண்ணு பட்டா அவ அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“எந்தப் பாம்புன்னு தெரியுமா?”

“அவ என்ன நின்னு பேரா கேட்டா?”

உள்ளேயிருந்து மல்லிகா குரல் கொடுத்தாள்: “சாரையா விரியனான்னு தெரிஞ்சிக்கிட்டுத்தான் பயப்படணுமோ?”

அவள் கேட்டது சரி. எந்தப் பாம்பு என்று தெரியாவிட்டால், கண்ணாடி விரியன் என்றே கொள்ள வேண்டும். தெரியாததை மோசமானதாகவே கொள்வதுதான் எங்கள் தொழிலில் அடிப்படை. நான் அண்ணாச்சியைப் பின்வாசலுக்கு அழைத்துச் சென்று, கல்வரிசைக்கு வெளியே நிறுத்தி, கூட்டைக் காட்டினேன். தாய்க்குருவி உள்ளே நுழைந்ததும் குஞ்சுகள் ஒரே குரலாய்க் கீச்சிட்டன.

அண்ணாச்சி ஜேசிபிப் பேச்சை விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று நமக்குத் தெரியும், இல்லையா? அவருடைய கடை ஷட்டரின் உருளைக்குள் சிட்டுக்குருவி கூடு வைத்த வருடம், குஞ்சு பறக்கும்வரை ஷட்டரை முழுக்க ஏற்றாமல், பாதி உயரத்தில் நிறுத்தி, வாடிக்கையாளர்களையெல்லாம் குனிந்து வரச் செய்தவர் அவர். “அண்ணாச்சி கடைக்குக் கும்பிட்டுக்கிட்டேல்லா போக வேண்டியிருக்கு” என்று நீ கேலி செய்தாய். குஞ்சு இருக்கும் கூட்டில் நம் பக்கத்தில் எவரும் கை வைப்பதில்லை. அவர் எப்படி வைப்பார்?

“எப்பப் பறக்கும்?” என்றார்.

“மூணு வாரத்துக்குள்ள.”

“சரி. பறக்குத வரைக்கும் மருமவளை அவ அம்மா வீட்டுல விட்டு வைக்கேன். அதுக்குப் பெறகும் இது நின்னா, நான் தெருவைக் கூட்டிட்டு வருவேன். கோவிச்சிக்கிடக் கூடாது.”

அவர் போனபின் வெகுநேரம் பின்வாசலிலேயே நின்றேன். வெட்டவா, விடவா என்று உன்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த அக்காவிடம் கேட்பது? முள்ளை நட்டு, ‘அவிய வருவாவ’ என்று காத்திருந்தவளிடமா? உளுந்தங்காட்டில் களையெடுக்கும்போது விரியன் தீண்டிய பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு, சரக்கு வேனில் அரசு மருத்துவமனைவரை வந்தாயே, அந்தச் செவிலியரிடமா? அன்று அங்கிருந்து நம் வீட்டுக்கு வந்தபோது உன் சேலை முழங்கால்வரை கரிசல் சேறாக இருந்தது. அந்தப் பெண் பிழைத்தாள் என்று தெரியும்வரை நீ சாப்பிடவில்லை. அதன் பிறகு வெகுகாலம், உட்காரும் முன்பு நாற்காலிக்கடியில் குனிந்து பார்க்கும் பழக்கம் உனக்கு இருந்தது. ஏழு மாதக் கர்ப்பிணி பயந்தோடினாள் என்று கேட்டிருந்தால், அரிவாளை நீயே எடுத்திருப்பாயோ? எடுத்திருப்பாய் என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் அப்படித் தோன்றாது.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே முறையில் இறங்கினேன். ஆலையில் ஓர் அசம்பாவிதம் நேர்ந்தால், யார் செய்தது என்று முதலில் கேட்க மாட்டோம். எது அதை அழைத்து வந்தது என்று பார்ப்போம். முழங்காலளவு உயரக் காலணியும் கையில் கம்புமாகப் புதரைச் சுற்றி ஒவ்வொரு அடியாகப் பார்த்தேன். வேர்களுக்கிடையில் வளைகள். வளை வாயில் கம்பு உமியும் சோளத் தவிடும். எலிகள், அக்கா. நல்ல கொழுத்த குடித்தனம்.

பாம்பு முள்ளுக்காக வரவில்லை. எலிக்காக வந்தது. எலி தானியத்துக்காக வந்தது. தானியம் உன் கையிலிருந்து விழுந்தது. நீ போனபின் என் கையிலிருந்து. பறவைகள் தின்றது போக மிஞ்சியது மாலைவரை தரையில் கிடந்தது. அதை நாம் இருவருமே ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. நீ செய்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்த அந்தக் கைவீச்சுதான் இதில் பிழையான பகுதி. இதை உன் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்குத் தைரியம் இருந்திருக்குமா? “வந்துட்டாருய்யா ஆபீசர்” என்று சொல்லி, சுளகைத் தட்டிவிட்டு உள்ளே போயிருப்பாய். மறுநாள் நான் ஆலைக்குப் போனபின், ஒன்றும் சொல்லாமல் நீயே வளைகளைக் குனிந்து பார்த்திருப்பாய். அதுவும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காலையிலிருந்து தரையில் இறைப்பதை நிறுத்தினேன். எலி வளைகளைக் கருங்கல் ஜல்லி போட்டு இடித்து அடைத்தேன். கரிசல் மண் மட்டும் போதாது. காய்ந்ததும் வாயைத் திறந்துவிடும். சுற்றுச்சுவரின் அடியில் இருந்த இடுக்குகளுக்குச் சிமென்ட் பூசினேன். நீ குவித்து வைத்திருந்த பழைய ஓடுகளையும் விறகையும் அப்புறப்படுத்தினேன். கூடு இல்லாத பக்கத்திலிருந்து தொடங்கி, சங்கஞ்செடியையும் உடைமரத்தையும் தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை கிளை கழித்தேன். மேலே முள் அப்படியே இருக்கிறது. அடியில் வெளிச்சம் போகிறது. பூனை இப்போதும் ஏற முடியாது. பாம்பு வந்தால் ஒளிய இடம் இல்லை. கூட்டின் பக்கத்தைக் கடைசியாக வைத்துக்கொண்டேன். தண்ணீர்ச் சட்டி இடுப்புயரக் கல்தூணின் மேல் ஏறிவிட்டது, அதே கல்லோடு. காய்ந்த புல்லைத் தரையில் நிற்க விடவில்லை. ஆனால் எரிக்கவுமில்லை. சிறு கற்றைகளாகக் கட்டி, கொடுக்காப்புளிக் கிளையில் தொங்கவிட்டிருக்கிறேன். வேண்டியவர்கள் வந்து இழுத்துக்கொண்டு போகலாம்.

தீனிக்கு மல்லிகா வழி சொன்னாள். அவள் அண்ணன் வீட்டில், இடைசெவலில், அறுப்பு முடிந்ததும் கம்பங்கதிர்களைக் கொத்தாகக் கட்டி வாசல் நிலையில் குருவிக்குத் தொங்கவிடுவார்கள். போன தையில் அறுத்து வைத்திருந்த கதிரில் ஒரு கட்டு வாங்கி வந்தாள். கம்பியில் தொங்கவிட்டோம். கதிரிலிருந்து குருவிகள் ஒவ்வொரு மணியாக உருவித் தின்கின்றன. சிந்துவது குறைவு. சிந்துவதையும் பிடிக்கக் கீழே ஒரு தகரத்தை வைத்து, பொழுது சாயும் முன் துடைத்துவிடுகிறேன்.

நான் தகரத்தைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே மல்லிகா சொன்னாள்: “மதினி இருந்திருந்தா, இது தோட்டமா தீப்பெட்டி ஆபீஸான்னு கேட்டிருப்பாவ.”

“கேட்டிருப்பா.”

“கேட்டுட்டு, தகரத்தைப் பளபளன்னு வைக்காதலே, அவிய கண்ணு கூசும்னும் சொல்லியிருப்பாவ.”

அன்றே தகரத்தின் மேல் பழைய சாக்கு ஒன்றை விரித்தேன்.

குஞ்சுகள் ஒரு காலையில் பறந்தன. ஒன்று மட்டும் பருத்திச் செடிவரை வந்து, மேற்கொண்டு போகப் பயந்து, தாய் திரும்பி வந்து கூப்பிடும்வரை கிளையைக் கவ்விக்கொண்டு நின்றது. நான் விடுப்பெடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். காரணம் எழுதும் இடத்தில் ‘குடும்பப் பணி’ என்று எழுதினேன்.

அன்று மாலை நானே போய் அண்ணாச்சியை அழைத்தேன். அவர் கைத்தடியோடு வந்தார். அவருக்குப் பின்னால், தாய் வீட்டிலிருந்து திரும்பியிருந்த முத்துலட்சுமி. அவள் என் சுண்ணாம்புக் கற்களைத் தாண்டவில்லை. அண்ணாச்சி சிரமப்பட்டுக் குனிந்து, புதருக்கடியில் தடியை நீட்டி இடமும் வலமும் துழாவினார்.

“அந்தப் பக்கத்துச் சுவர் தெரியுது.”

“தெரியணும்னுதான் அண்ணாச்சி.”

“எலி?”

“வளையை அடைச்சாச்சு. தினம் காலையில பாக்கேன். புதுசா ஒண்ணும் தோண்டலை.”

“தினமுமா?”

“தினமும்.”

அவர் நிமிர்ந்து மருமகளைப் பார்த்தார். பயந்தவள் அவள். அவள்தான் சொல்ல வேண்டும் என்று அவருக்கும் பட்டிருக்க வேண்டும். முத்துலட்சுமி எட்டி நின்றே அந்த முள்ளையும் கதிரையும் பார்த்தாள். கம்பங்கதிரில் ஒரு தினைக்குருவி தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் நிற்பதை அது சட்டை செய்யவில்லை.

“பேச்சிப் பெரியம்மா இருக்கையில இந்தக் குருவிச் சத்தத்துலதான் நான் எந்திரிப்பேன், மாமா,” என்றாள் மாமனாரிடம். பிறகு என்னிடம் திரும்பி, “வெட்ட வேண்டாம். ஆனா எங்க துணி இங்கன விழுந்தா நான் வர மாட்டேன். நீங்கதான் எடுத்துத் தரணும்” என்றாள்.

“தருவேன்மா.”

அண்ணாச்சி விடவில்லை. “இன்னொரு தடவை கண்ணுல பட்டா?”

“நானே வெட்டிருதேன், அண்ணாச்சி. அன்னைக்கே. வேணும்னா எழுதித் தாரேன்.”

“வேண்டாம், தம்பி. நீங்க எழுத ஆரம்பிச்சா ரெண்டு பக்கம் போவும். சொன்னாப் போதும்.”

இப்படியாக உன் மூலை நிற்கிறது, அக்கா. முன்பிருந்ததைப் போல இல்லை. நீ பார்த்தால் ஒட்ட வெட்டிவிட்டதாகக் குறை சொல்வாய். தவிட்டுக்குருவிகள் சருகைக் கிளறிப் பூச்சி தேட இடம் இல்லாமல், எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டுவிட்டுப் போகின்றன. கரிச்சான் தன் நாற்காலியில் இருக்கிறது. தேன்சிட்டுக்காக வண்டிக் கண்ணாடிகளுக்கு வீட்டில் நிற்கும் நேரம் முழுவதும் உறை மாட்டுகிறேன். புறப்படும் முன் கழற்றிவிடுகிறேன்.

புறாக்களைப் பற்றி மட்டும் இன்னும் சொல்லவில்லை. கதிரில் தொங்கித் தின்ன அவற்றுக்குத் தெரியாது. காலையில் வழக்கம்போல் சுவரில் வரிசையாக வந்து உட்காருகின்றன. நான் பின்வாசலில் வந்து நின்றதும் இறங்குகின்றன. வெறுந்தரையில் இங்கும் அங்கும் நடக்கின்றன. மண்ணைக் கொத்திப் பார்க்கின்றன. பிறகு சும்மா நிற்கின்றன. உன்னை அறிந்தவர்களில் நீ போனதை இன்னும் ஒப்புக்கொள்ளாதவர்கள் அவை மட்டும்தான் என்று எனக்குத் தோன்றும்.

“ஒரு கைப்பிடி போட்டாத்தான் என்ன? யாரு பாக்கா?” என்றாள் மல்லிகா ஒருநாள், சுளகை என் கையில் கொடுத்து. நான் வாங்கிக்கொண்டேன். கையும் உயர்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் முத்துலட்சுமி யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. சுளகை உள்ளே வைத்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்பலகையை வாங்கிவந்து, செங்கல் தூண் கட்டி, புறாக்கள் இறங்கும் இடத்துக்கு நேர்மேலே இடுப்புயரத்தில் பொருத்தினேன். சிந்தாமலிருக்க விளிம்பு கட்டியிருக்கிறேன். அதில் கம்பு வைத்திருக்கிறேன். அவை பலகைக்கு அடியில் நடந்து, நிழலில் நின்று, தரையைத்தான் பார்க்கின்றன.

உனக்கு நான் தரும் வாக்கு இதுதான், அக்கா. நிபந்தனை இல்லாமல் வாக்குக் கொடுக்க எனக்கு வராது. கொடுத்தாலும் நீ நம்ப மாட்டாய். அந்தப் பாம்பு மறுபடியும் வந்தால், மூலையை வெட்டிவிடுவேன். உன்னிடம் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன். மண்ணைக்கூட அடையாளம் தெரியாமல் சமன் செய்துவிடுவேன். வராதவரையில், அந்த முள்ளில் ஒரு கொப்பைக்கூட எவரும் தொட விட மாட்டேன். வராமலிருக்கச் செய்ய வேண்டியதை ஒவ்வொரு காலையும் குனிந்து செய்வேன். புறாக்களுக்கு மேலே பார்க்கக் கற்றுத்தர என்னால் முடியாது. பலகையில் தானியத்தை வைத்துவிட்டு, அவை பயப்படாத தூரத்துக்கு விலகி, காபி ஆறும்வரை நிற்க முடியும். நாளைக்கும் நிற்பேன்.

அடுத்த பிறவியிலும் உன்னைப் பின்தொடர்ந்து பிறக்க விரும்பும்
உன் கூடப்பிறந்தவன்,
சங்கரலிங்கம்
கோவில்பட்டி